புகுந்த வீடு இல்லாத ஊர்

என் பெயரோடு இணையத்தில் வந்த முதல் கட்டுரை மாமியாரைப் பற்றியது. புகுந்த வீட்டில் மாமியார் மனதை வெல்வது எப்படி என்று தலைப்பு. விடிய எழும்பி அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுங்கள், அவருடைய சமையலைப் புகழுங்கள், அவருக்குப் பிடித்த நிறத்தில் சேலை கட்டுங்கள் என்று எழுதிக்கொண்டே போனேன். நான் இதையெல்லாம் எழுதியபோது என் மாமியார் களுவாஞ்சிகுடியில் தன் மகளின் வீட்டில் இருந்தார். பொங்கலுக்கும் சித்திரை வருஷத்துக்கும் மட்டக்களப்பில் புளியந்தீவுக்கு வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போவார். வந்தால் அவர் விருந்தாளி. தேநீரில் சீனி கூடிவிட்டது என்று சொல்வதற்கு மேல் என்மீது அவருக்கு ஒரு அதிகாரமும் கிடையாது.

எங்கள் பக்கத்தில் கலியாணம் கட்டிய பெண் எங்கும் போவதில்லை. மாப்பிள்ளைதான் அவள் வீட்டுக்கு வருவான். தாயும் தகப்பனும் தாங்கள் இருந்த வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு, அதே வளவில் பின்பக்கம் சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். அடுத்த மகளுக்கு அடுத்த வீடு. காத்தான்குடி முஸ்லிம் ஆட்களுக்கும் இதுதான் வழக்கம். கும்பிடுவது வேறு, தொழுவது வேறு, வீடு மட்டும் இரண்டு பேருக்கும் மகளுக்குத்தான். இதைக் கேட்டுவிட்டு எங்கள் பெண்களெல்லாம் மகாராணிகள் என்று எவரும் எண்ண வேண்டாம். மகள்மாருக்கு வீடு கட்டியே முதுகு முறிந்த தகப்பன்மாரும், வீடு கட்ட வழியில்லாததால் கலியாணமே நடக்காத பெண்களும் எங்கள் ஊர்களில் நிறைய. அதையும் நான் எழுதியிருக்கிறேன். ஆனால் ஒன்று நிச்சயம். கோபம் வந்தால் 'வெளியில போ' என்று சொல்லும் உரிமை இங்கே பெண்ணுக்குத்தான் இருக்கிறது.

அப்படியான ஊரில் பிறந்து வளர்ந்த நான்தான் புகுந்த வீடு, புகுந்த வீடு என்று வருஷக்கணக்காக எழுதினேன். கொழும்பில் இருந்து நடந்த ஒரு பெண்கள் தளம் அது. வாசிப்பவர்களில் பெரும்பாலானோர் தமிழ்நாட்டிலும் வெளிநாடுகளிலும் இருந்தார்கள். அவர்களுக்கு மாமியார் வேண்டும், முகத்துக்குக் கடலைமா வேண்டும், தொப்பை குறைய வெந்நீர் வேண்டும், வெள்ளிக்கிழமைக்கு ராசிபலன் வேண்டும். எல்லாம் கொடுத்தேன். வாவிக்கரையில் ஒரு வீட்டு மேல்மாடியில், மின்சாரம் போகும் வரும் நேரம் பார்த்து, என் தாய் எனக்குக் கொடுத்த வீட்டிலிருந்து, புகுந்த வீட்டில் அனுசரித்துப் போவது எப்படி என்று ஊருக்கு உபதேசம் செய்தேன்.

அக்கம்பக்கத்தில் இதை வேலை என்று எவரும் ஏற்கவில்லை. "எந்தப் பேப்பரில வருது மகள்?" என்பார்கள். "பேப்பர் இல்ல, இன்டநெட்" என்றால், "அப்ப நல்ல வேல ஒண்டு கிடைக்கும் வரைக்கும் செய்" என்பார்கள். இது நான் அந்தத் தளத்துக்கு ஆசிரியரான பிறகும் தொடர்ந்தது. அரசாங்க அலுவலகமான கச்சேரியில் தபால் பிரிக்கிற வேலை கிடைத்திருந்தாலும் என்னை நிமிர்ந்து பார்த்திருப்பார்கள். அதிலும் ஆண்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு ஒரு தனிச் சிரிப்பு. 'பொம்புளையளுக்குப் பொம்புளையள் எழுதுற' என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். அதே ஆட்கள் கட்டுரைக்குக் கீழே வந்து, குடும்பப் பெண் எப்படி உடுக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாகக் கருத்து எழுதுவார்கள். அவற்றை வாசித்து வாசித்து அழிப்பதும் ஆசிரியரின் வேலைதான். காலையில் பல் விளக்கியதும் நான் செய்த முதல் வேலை அதுதான்.

ஆசிரியரானபின் ஒரு பகுதி தொடங்கினேன். பெண்கள் தங்கள் கதையைத் தங்கள் வாயாலேயே சொல்வது. எழுதத் தெரிய வேண்டும் என்றில்லை. வட்ஸ்அப்பில் குரலாக அனுப்பினால் போதும், நான் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்வேன். அவர்கள் பேசுகிற சொல்லை மாற்ற மாட்டேன். எழுதி முடித்ததை அவர்களுக்கு வாசித்துக் காட்டாமல் போட மாட்டேன். காத்தான்குடியில் இருந்த எங்கள் உதவி ஆசிரியையும் நானும் இந்த இரண்டையும் சத்தியம் மாதிரிக் காப்பாற்றினோம். மீன் விற்கிறவர்கள், நெசவு செய்கிறவர்கள், குவைத்தில் வீட்டு வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் என்று பலர் பேசினார்கள். இத்தனை வருஷமும் குப்பை கொட்டியதற்கு ஒரு பிராயச்சித்தம் கிடைத்தது என்று நினைத்தேன். உண்மையாகவே சந்தோஷமாக இருந்தேன்.

பழுகாமத்துப் பெண் அப்படித்தான் வந்தாள். வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் வயல் செய்கிறவள், இரண்டு பெண் பிள்ளைகளின் தாய். அவளுடைய புருஷன் கட்டாருக்குப் போய் நாலைந்து வருஷம் இருந்துவிட்டு நாட்டுக்குத் திரும்பினான். திரும்பியவன் வேறோர் ஊரில் இன்னொரு பெண்ணோடு குடும்பம் நடத்தினான். பிறகு ஒரு நாள் எதுவுமே நடக்காத மாதிரி இவள் வீட்டுக்கு வந்து சாப்பாடு கேட்டான். இவள் சாப்பாடு போட்டாள். அவன் கை கழுவுவதற்குள் அவனுடைய உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டுபோய், தெருவில் இருந்து வளவுக்குள் நுழைகிற கடப்படியில் வைத்தாள். எங்கள் ஊர்களில் ஒரு மனுசி இப்படிச் செய்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எவருக்கும் விளங்கப்படுத்த வேண்டியதில்லை.

அவளுடைய குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. தொடக்கமே இப்படித்தான்: "அவர் என்ட வீட்டுக்கு வந்தவர். நான் அவர்ட வீட்டுக்குப் போகல்ல. வந்தவர் ஒழுங்கா இரிந்தா இரிக்கலாம், இல்லாட்டிப் போகலாம். அவ்வளவுதான் கா என்ட கதை."

இதற்கு மேல் ஆசிரியர் செய்ய ஒன்றுமே இல்லை. சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். 'பையைக் கடப்படியில் வைத்தேன்' என்று தலைப்பு வைத்தேன். அவளுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். பெயர் வேண்டாம் என்றாள், ஊர்ப் பெயரைப் போடச் சொன்னாள். "ஊரப் போடாட்டி ஆரோ கற்பனை பண்ணி எழுதின எண்டு நினைப்பாங்க" என்றாள். அந்தத் துணிச்சலும் எனக்குப் பிடித்திருந்தது. கொழும்புக்கு அனுப்பிவிட்டு, காய்ச்சலில் கிடந்த தாயைப் பார்க்கப் பின்வீட்டுக்குப் போய்விட்டேன்.

இரண்டு நாள் கழித்து உதவி ஆசிரியை போன் எடுத்தாள்.

"அக்கா, பழுகாமத்துக் கதையப் பாத்தீங்களா? ஆரு செஞ்ச வேல இது? நாம அனுப்பினதத் தலைகீழாப் பிரட்டி வெச்சிரிக்காங்க."

திறந்து பார்த்தேன். 'கணவன் வீட்டிலிருந்து துரத்தப்பட்டேன்' என்று தலைப்பு. அதற்குக் கீழே பட்டுச்சேலை உடுத்து, தலை நிறைய மல்லிகை வைத்து, கன்னத்தில் ஒரு துளி கண்ணீரோடு எவளோ ஒரு மொடல். கதை இப்படித் தொடங்கியது: 'ஆயிரம் கனவுகளோடு என் கணவரின் வீட்டுக்குள் வலது காலை எடுத்து வைத்தேன்.' பை வெளியே போனது உண்மைதான். ஆனால் அது அவளுடைய பையாம். தூக்கி வைத்தவன் அவனாம். அவள் கடப்படியில் நின்று, 'என்னை ஏற்றுக்கொள்ளுங்கள்' என்று அழுதாளாம். இடையில் பழுகாமம் என்ற ஊர்ப் பெயர் மட்டும் கை படாமல் அப்படியே இருந்தது.

வந்த ஆத்திரத்தில் உடனே கொழும்புக்குப் போன் எடுத்தேன்.

தளத்தை நடத்தியவரும் ஒரு பெண்தான். அதை நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எவனோ ஒரு ஆண் செய்திருப்பான் என்றுதான் கதை கேட்ட எல்லோரும் நினைத்தார்கள். நன்றாகப் படித்தவர், மேடைகளில் பெண்ணுரிமை பேசுகிறவர், பேசினால் கேட்கத் தோன்றும். என்னை எப்போதும் 'டியர்' என்றுதான் கூப்பிடுவார்.

"நீங்க அனுப்பின டிராஃப்ட்ல ஒரே குழப்பம் டியர். அவர்ட பையை அவ வெளியில வைக்கிறாவாம். அவர்ட வீட்ல இருந்துகொண்டு அவர்ட பையை அவ எப்படி வெளியில வைக்கிறது? பாவம், படிக்காத ஆள், மாறிச் சொல்லிட்டா எண்டு நினைச்சேன். நான்தான் இருந்து சரியாக்கினேன்."

"அது அவர்ட வீடு இல்ல. அவட வீடு."

"கல்யாணம் கட்டின பிறகு ரெண்டும் ஒண்டுதானே?"

"இல்ல. எங்கட பக்கம் ஆம்பிளைதான் பொம்பிளை வீட்டுக்கு வாறது. வீடு பொம்பிளைக்குத்தான்."

அவர் சொன்னார்: "அப்படியா? இன்ட்ரஸ்டிங். அதையே ஒரு தனி ஆர்ட்டிகிளா எழுதுங்களேன்."

நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. கெட்ட வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அந்தத் தொனியில் அதற்கு முன்பு நான் எவரோடும் பேசியதில்லை. எத்தனை வருஷம் நான் அவரோடு வேலை செய்தேன்? மட்டக்களப்பு என்று அவருடைய தளத்தில் எத்தனை தடவை எழுதியிருப்பேன்? ஒரு தடவையாவது, உங்கள் ஊரில் கலியாணம் எப்படி நடக்கும் என்று அவர் கேட்டதில்லை. கேட்கத் தோன்றவில்லை. பெண் என்றால் புகுந்த வீட்டுக்குப் போவாள், போனால் அழுவாள் என்பது அவருக்குச் சூரியன் கிழக்கே உதிப்பது மாதிரி. அதற்கு மாறாக ஒருத்தி பேசினால், அவள் பிழையாகப் பேசுகிறாள். அதை எழுதி அனுப்பிய ஆசிரியரும் பிழையாக எழுதியிருக்கிறாள். பெண்களின் குரல் என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, குரல் வந்ததும் அதன் கழுத்தைத் திருகுவதற்கு இவர்களுக்கு ஒரு நிமிஷம் கூட எடுக்கவில்லை.

இந்த அளவோடு முடிந்திருந்தால் ஒரு சண்டை, ஒரு மன்னிப்பு என்று போயிருக்கும். அடுத்த நாள் பழுகாமத்தில் இருந்து போன் வந்தது.

"அக்கா, நீங்க என்ன வேல பாத்து வெச்சிரிக்கீங்க?" என்றாள். வேறு பேச்சில்லை. "அவன் போனத் தூக்கிக்கிட்டு வீடு வீடாக் காட்டித் திரியிறான். 'இஞ்ச பாருங்க, அவளே எழுதிரிக்காள், வீடு என்ட எண்டு' எண்டு சொல்றான். மத்தியஸ்த சபையிலயும் குடுத்திரிக்கான். எனக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்திரிக்கு. என்ட வீடு போகப் போகுது அக்கா."

அப்போதுதான் முழு விபரமும் எனக்குத் தெரிந்தது. அந்த வளவு அவளுடைய தாயின் பேரில் அரசாங்கம் கொடுத்த பேர்மிட் காணி. தாய் வாயால் சொல்லி, ஊரறிய, அவளுக்குச் சீதனமாகக் கொடுத்தாள். தாய் செத்த பிறகு பேர் மாற்ற யாரும் ஓடித் திரியவில்லை. யுத்தத்தில் உடைந்த வீட்டுக்குப் பதிலாக வீட்டுத் திட்டத்தில் புது வீடு வந்தபோது, குடும்பத் தலைவர் என்ற இடத்தில் ஆணின் பேரைத்தான் எழுதினார்கள். அந்தக் காலத்தில் அதைப் பெரிதாக எவரும் எடுக்கவில்லை. எவர் பேரில் இருந்தால் என்ன, வீடு அவளுடையது என்று ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரியும் என்பது ஒன்றுதான் அவளிடம் இருந்த உறுதிப் பத்திரம். அந்த உறுதியைத்தான் நாங்கள் கிழித்துக் கொடுத்திருக்கிறோம், அதுவும் அவளே சொன்னதாக.

மறுபடி கொழும்புக்குப் பேசினேன். கோபத்தை விழுங்கிக்கொண்டு, கெஞ்சுகிற மாதிரியே பேசினேன். ஒரு திருத்தம் போடுங்கள், அலுவலகத்தில் மாற்றப்பட்டது, சொன்னவர் அப்படிச் சொல்லவில்லை என்று இரண்டு வரி போதும் என்றேன்.

"டியர், அது இந்த வருஷம் நமக்கு வந்த பெஸ்ட் பீஸ். எத்தனை பேர் ஷேர் பண்ணியிருக்கிறாங்க தெரியுமா? கீழ கொமென்ட்ஸ் பாருங்க, எல்லாரும் அழுறாங்க. இப்ப போய்ப் பொய் எண்டு சொன்னா நம்மட நம்பகத்தன்மை என்ன ஆகிறது? வேணுமெண்டா ஊர்ப் பேரை எடுத்துவிடுறேன்."

"அவன் அந்தப் பக்கத்தை அப்படியே படம் எடுத்து வெச்சிரிக்கிறான். இப்ப பேரை எடுத்தா, உண்மையை மறைக்கப் பாக்கிறாள் எண்டுதான் சொல்லுவான்."

"நீங்க ரொம்ப எமோஷனலா எடுக்கிறீங்க."

பொய்யைப் போட்டு நம்பகத்தன்மையைக் காப்பாற்றுகிற கூத்தை நான் அன்றுதான் கண்டேன். போனை வைத்துவிட்டு நேராகத் தளத்துக்குள் போனேன். என்னிடம் கடவுச்சொல் இருந்தது. அந்த மொடலைத் தூக்கி எறிந்தேன். அவள் சொன்ன கதையை அவள் சொன்னபடியே திரும்பப் போட்டு, மேலே தடித்த எழுத்தில், முன்பு வந்தது எங்கள் அலுவலகத்தில் திரிக்கப்பட்டது, அதற்கு இந்தப் பெண் பொறுப்பல்ல என்று ஆசிரியராக எழுதினேன். பின்னேரத்துக்குள் அது போய்விட்டது. மொடல் திரும்பி வந்து அழத் தொடங்கினாள். என் கடவுச்சொல் வேலை செய்யவில்லை. 'எங்கள் குடும்பத்திலிருந்து ஒருவர் விடைபெறுகிறார்' என்று எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் போயிருந்ததை உதவி ஆசிரியை சொல்லித்தான் அறிந்தேன். குடும்பமாம்! அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உதவி ஆசிரியையும் அடுத்த நாளே வேலையை விட்டுவிட்டாள். நான் விடச் சொல்லவில்லை.

கோட்டுக்குப் போகுமுன் பேசித் தீர்க்கிற மத்தியஸ்த சபை ஒரு பள்ளிக்கூடத்தில், விடுமுறை நாளில் கூடியது. பட்டிருப்புப் பாலம் தாண்டி பஸ்ஸில் போய் இறங்கினேன். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வாங்குகளில் பெரிய ஆட்கள் முழங்காலை மடித்துக்கொண்டு இருந்தார்கள். சுவரில் அ அம்மா, ஆ ஆடு. முன்னால் மூன்று மத்தியஸ்தர்கள். நடுவில் இருந்தவர் அந்தப் பக்கத்துக்காரர், கண்ணாடி போட்ட வயதான மனிதர். பழுகாமத்துப் பெண்ணை நான் நேரில் கண்டது அன்றுதான். நான் நினைத்ததைவிடச் சிறிய ஆள். என்னைப் பார்த்து அவள் சிரிக்கவில்லை. அவளுடைய புருஷன் மடிப்புக் குலையாத சேர்ட் போட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு, பரீட்சை எழுதி முடித்துவிட்டவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

அவன் தன் பக்கத்தைச் சொன்னான். வீட்டுத் திட்டத்தில் தன் பேர் இருக்கிறது, மனைவியே உலகத்துக்கு எழுதியும் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு, எழும்பி வந்து போனைக் கொடுத்தான்.

எனக்குப் பேச அனுமதி கேட்டேன். "நீங்க ஆரு?" என்று கண்ணாடிக்காரர் கேட்டார்.

"இந்தக் கதை வந்த இடத்துக்கு நான்தான் ஆசிரியரா இருந்த நான். இதில இருக்கிறது பொய். இந்தப் பிள்ளை சொன்னது ஒண்டு, நாங்க போட்டது ஒண்டு."

சொல்லும்போது முகம் சுட்டது. பெண்களின் உண்மைக் கதைகள் என்று ஊரைக் கூட்டி விற்ற நான், ஒரு வகுப்பறையில் நின்று, நாங்கள் போட்டது பொய் என்று சொன்னேன். இத்தனை வருஷ வேலையும் அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்தது.

"பொய் எண்டு இப்ப சொல்லுவாங்கதானே," என்றான் அவன். "ரெண்டு பேரும் சினேகிதம். பேசி வெச்சிட்டு வந்திரிக்காங்க."

கண்ணாடிக்காரர் போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, சத்தமாக வாசிக்கத் தொடங்கினார். "ஆயிரம் கனவுகளோடு என் கணவரின் வீட்டுக்குள் வலது காலை எடுத்து வைத்தேன்."

பின்வாங்கில், தன்னுடைய வேலி வழக்குக்காகக் காத்திருந்த ஒரு மனுசி களுக்கென்று சிரித்துவிட்டாள். "எந்த ஊர்க் கதை கா இது? பழுகாமத்தில எவள் புருசன் வீட்டுக்குப் போனவள்?" என்றாள். இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். கண்ணாடிக்காரர் கையை உயர்த்தி அடக்கினார். அவருடைய வாயும் கொஞ்சம் கோணியிருந்தது. வாசிப்பதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்.

"தம்பி, உங்கட தாய் வீடு எங்க இரிக்கு?"

"மண்டூர்ல."

"அது இப்ப ஆருக்கு?"

"தங்கச்சிக்கு."

"கலியாணம் முடிச்சு பொஞ்சாதிய அங்கயா கூட்டிப் போன நீங்க?"

"இல்ல."

"அப்ப எங்க இரிந்த நீங்க?"

அவன் சேர்ட் கையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"சொல்லுங்க தம்பி. எந்த வளவுக்கு வந்த நீங்க?"

"இவட தாயிட வளவுக்கு."

"அப்ப இந்தக் கதை உங்கட கதை இல்லையே," என்று சொல்லிவிட்டு அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

கொழும்பில் எவருக்கும் தெரியாதது, வேலி வழக்குக்கு வந்த மனுசிக்குத் தெரிந்திருந்தது. அவனுக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் அந்தப் பொய்யைத் தூக்கிக்கொண்டு திரிந்தான். அச்சில் வந்துவிட்டால் ஊரே மறந்துவிடும் என்று நினைத்திருக்கிறான். அதற்குப் பிறகும் அவன் விடவில்லை, வீட்டுத் திட்டத்துப் பேரைப் பற்றி இழுத்துக்கொண்டே இருந்தான். பேசிப் பேசி, கடைசியில் வீடும் வளவும் அவளுக்கும் பிள்ளைகளுக்கும் என்று ஒப்பி, பேர் மாற்றவும் சம்மதித்துக் கையெழுத்து வைத்தான். மோட்டார் சைக்கிள் தனக்கு வேண்டும் என்றான். "கொண்டு போகச் சொல்லுங்க. இண்டைக்கே கொண்டு போகச் சொல்லுங்க" என்றாள் அவள்.

வெளியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. எனக்கு வென்றுவிட்டோம் என்று ஒரு சந்தோஷம், அதைவிடப் பெரிதாக அந்தக் கொழும்புத் தளத்தின்மீது ஆத்திரம். அந்த ஆத்திரத்தில்தான் வாயைத் திறந்தேன். நானும் உதவி ஆசிரியையும் சேர்ந்து சொந்தமாக ஒரு தளம் தொடங்கப் போகிறோம் என்றேன். இங்கேயே, மட்டக்களப்பில், எங்கள் சொல்லை எவரும் திருத்தாத இடம் என்றேன். "முதல் கதை உங்கட கதைதான். நீங்க சொன்னபடியே, ஒரு எழுத்து மாறாமப் போடுவம்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அன்று முழுக்க அவள் என் முகத்தைச் சரியாகப் பார்த்தது அப்போதுதான்.

"நீங்க வந்தது பெரிய உதவி அக்கா. நான் அத மறக்க மாட்டன். ஆனா கதையத் தர மாட்டன்."

"ஏன்? இப்ப நான்தானே போடப் போறன்."

"அப்பயும் நீங்கதான் போட்ட நீங்க," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "என்ட வீட்ட என்ட எண்டு நான் சொன்ன. நீங்க கொண்டு போன நீங்க. அது வேற ஆரிட கையிலயோ போய், அவன்ட வீடாகித் திரும்பி வந்த. இப்ப ஊருக்கு முன்னால இரிந்து, என்ட வீடு என்டதுதான் எண்டு நான் சொல்ல வேண்டி வந்திட்டு. என்னட்டயும் போன் இரிக்கு. பேச எனக்கு வாயும் இரிக்கு. நானே பேசி நானே போடுவன். இடைக்குள்ள நீங்க எதுக்கு அக்கா?"

எனக்குச் சுருக்கென்றது. உடனே கோபமும் வந்தது. உனக்காக வேலையை இழந்தேன், உனக்காக அந்த வகுப்பறையில் மானம் கெட்டு நின்றேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆசிரியர் எதற்கு என்று எத்தனையோ கூட்டங்களில் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறேன். திருத்துவதற்கு, பாதுகாப்பதற்கு, வாசகரிடம் கொண்டுசேர்ப்பதற்கு. அதில் ஒன்றைக்கூட அவளிடம் சொல்ல முடியவில்லை. அவளுடைய கதைக்கு அந்த மூன்றும் நடந்திருந்தன.

பஸ் வந்தது. அவள் எனக்காகக் கை காட்டி மறித்தாள்.